எவ்வளவுக்கு வாங்கினீங்க?

ஐஸ் கம்பெனிக் கணக்கை
வீட்டிலிருந்தே எழுதினால்
மாதம் மூவாயிரம் கூட என்றார் முதலாளி.
பெட்டியை மட்டும் நீயே பார்த்துக்கொள்.

மஞ்சக்குப்பம் ஷோரூமில் ஏசி நன்றாக இருந்தது.
டை கட்டிய பையன்
ராம் என்றான், கோர் என்றான்,
வட்டியே கிடையாது மேடம் என்றான்.
வட்டியில்லாத் தவணைக்கு
ஃபைல் சார்ஜ் எதற்கு?
அது வேற மேடம்.
பை இலவசம், மௌஸ் இலவசம்,
நாற்பத்து மூவாயிரம் மட்டும்
இலவசமில்லை.

வெளியே வந்து
பஸ் டிக்கெட்டின் பின்புறம்
எனக்கு வேண்டியதை எழுதினேன்.
டேலி. தமிழ் டைப்பிங். பிரிண்டர் செருக ஓர் ஓட்டை.
சாயங்காலம் மகளுக்கு ஒரு மணி நேரம்.
எழுதிய பிறகும்
டிக்கெட்டில் இடம் மிச்சமிருந்தது.

புதுச்சேரி, காமராஜர் சாலையை ஒட்டிய சந்தில்
அந்துவான் கடை.
ஆபீஸ் கழித்த பெட்டிகள் கூரை வரை.
பன்னிரண்டு ஐந்நூறு, தொடச்சி வச்சிருக்கேன் என்றார்.
மூடியைக் கழற்றுங்கள் என்றேன்.
எதுக்கு?
துறைமுகத்தில் வேலை பார்ப்பவள் நான்,
செவுளைத் தூக்கிப் பார்க்காமல்
எதையும் வாங்கியதில்லை.

முதல் பெட்டி: பலகையில் வெள்ளைப் பொடி.
அடி ஸ்க்ரூக்களில் ஒரே மட்டத்தில் துரு.
வெள்ளத்தில் நின்றது.
முகர்ந்தேன், சேறு.
அந்துவான் சிரித்தபடி
அதைக் காலால் ஓரம் தள்ளினார்.
அது வேற ஆளுக்கு.

மூன்றாவதில் தூசி மட்டும்.
யாரும் வியர்க்காத இடத்துத் தூசி.
பாதி சுரண்டிய ஸ்டிக்கர்,
ஏதோ வங்கியின் சொத்து எண்.
லோன் கேட்டுப் போன நாட்களில்
இதன் முதுகைப் பார்த்துத்தானே
நின்றுகொண்டிருந்தேன்.
முன்பக்கம் இப்படித்தான் இருக்குமா?
விசைப்பலகையில்
ஒரு எழுத்து மட்டும் தேய்ந்து வழுக்கை.

அதற்குமேல் நாங்கள் பேசவில்லை.
அவர் கால்குலேட்டரில் தட்டிக் காட்டினார்,
நான் அழித்துத் தட்டித் திருப்பினேன்.
நான்கு முறை கைமாறியது.
புது எஸ்எஸ்டி போட்டு
பதினொன்று எழுநூறு.
மூணு மாசம் கேரண்டி, வாய்ச்சொல்தான்மா.
வாய்க்கு ரப்பர் ஸ்டாம்ப் இல்லையே அண்ணே,
பில்லில் எழுதுங்க.
எழுதினார். எழுத்துப் பிழையோடு.

பெட்டிக்கு அரை டிக்கெட் போட்டார் கண்டக்டர்,
இது என் கணக்கில் இல்லை.
ஆல்பேட்டை சோதனைச் சாவடியில்
பாட்டில் தேடி ஏறிய போலீஸ்காரர்
கயிற்றை அவிழ்க்கச் சொன்னார்.
உள்ளே விசிறி, ஒயர், கொஞ்சம் பச்சைப் பலகை.
முகம் தொங்கிவிட்டது அவருக்கு.
எவ்வளவுக்கு வாங்கினீங்க?
சொன்னேன்.
ஏமாந்துட்டீங்க,
எங்க மச்சான் ஏழாயிரத்துக்கு எடுத்தான்.
பின் சீட்டுக்காரர்: சென்னையில அஞ்சு.
கண்டக்டர்: என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.
போஸ்ட் ஆபீஸ் நிறுத்தம் வருவதற்குள்
மடியில் நாலாயிரத்துக்கு இறங்கியிருந்தது
என் பெட்டி.

அதன் பிறகு ஆளைப் பார்த்து விலை சொன்னேன்.
முதலாளியிடம் பதினெட்டு.
கீழ்வீட்டு செல்வாம்பிகையிடம் ஆறு.
அப்போதும் அவள்
அவ்வளவா என்றாள்.

முதுநகரில் உப்புக் காற்று,
ஜன்னலுக்கு எட்டாத மூலையில் வைத்தேன்.
சுவிட்சைப் போட்டதும்
பொறுப்பாக எழுந்தது.
மூலையில் தேதி:
2009 ஜனவரி 1.

மூடியைத் திறந்து, முகர்ந்து,
ஸ்க்ரூ ஸ்க்ரூவாக எண்ணியவள்
உள்ளே செத்துக் கிடந்த
முப்பத்தைந்து ரூபாய்க் காசு பேட்டரியைக்
கேட்கவில்லை.

அந்துவானுக்குப் போன் போட எடுத்து
வைத்துவிட்டேன்.
அந்தத் தேதியில் என் பெயரில்
எங்கும் கடன் இல்லை.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்ப நான் பொறந்திருக்கேனாம்மா
என்றாள் மகள்.
இல்லை.
ஆனா நாளைக்கு உனக்கு ஸ்கூல் இருக்கு,
போய்ப் படு.